பனியாறு விட்டுப்போன மண்ணில் போர்வெல்: நியூ ஹாம்ப்ஷயரில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாஷுவா, ஹாலிஸ், பெட்ஃபோர்டு பக்கம் வீடு தேடும் நம்மவர்கள், விற்பனைக் குறிப்பில் "தனிக் கிணறு" என்று பார்த்ததும் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கின்றன. அவற்றுக்கான பதில்கள் இங்கே. மேய்ன், வெர்மான்ட், மாசசூசெட்ஸ் மாநிலங்களிலும் மண்ணும் பாறையும் ஏறக்குறைய இதே கதைதான். சட்டதிட்டங்கள் மட்டும் மாறும்.

அமெரிக்காவில் வந்துமா போர் போட வேண்டும்? ஊர்த் தண்ணீர் வராதா?

பல ஊர்களில் வராது. இந்த மாநில மக்களில் ஏறத்தாழ பாதிப் பேர் சொந்தக் கிணற்றுத் தண்ணீரைத்தான் குடிக்கிறார்கள். நகர மையத்தைத் தாண்டிவிட்டால் குடிநீர்க் குழாயும் கிடையாது, சாக்கடை இணைப்பும் கிடையாது. ஒரு பக்கம் கிணறு, இன்னொரு பக்கம் செப்டிக் டேங்க். கூட்டாட்சி அரசின் குடிநீர்ப் பாதுகாப்புச் சட்டம் தனியார் கிணறுகளுக்குப் பொருந்தாது. தண்ணீரைப் பரிசோதிப்பதும் சுத்திகரிப்பதும் வீட்டுக்காரர் தலையில்தான்.

தரைக்குக் கீழே அப்படி என்ன இருக்கிறது?

கடைசிப் பனி யுகத்தில் கனடாவிலிருந்து தெற்கே பரவிய பனிப்படலம் இந்த மாநிலம் முழுவதையும் மூடியிருந்தது. 1,917 மீட்டர் உயரமுள்ள வாஷிங்டன் மலையின் உச்சியும் அதற்கடியில்தான் கிடந்தது. அது நகர்ந்த வழியெல்லாம் பாறையைச் சுரண்டி அரைத்து, அரைத்ததைக் கீழே அப்பிவிட்டுப் போனது. சுமார் 15,000 ஆண்டுகளுக்கு முன் உருகிப் பின்வாங்கியபோது எஞ்சியதுதான் இன்றைய தோட்டத்து மண்.

அந்த மண் ஒரே வகையானது இல்லை. பனி நேரடியாக விட்டுப்போனதை "டில்" என்பார்கள். களி, மணல், சரளை, உருண்டைக்கல், யானை அளவுப் பாறை எல்லாம் எந்த ஒழுங்கும் இல்லாமல் கலந்திருக்கும். பனியின் எடையில் அமுங்கிய அடி டில் கடப்பாரைக்கும் மசியாது. துளையிடுகிறவர்கள் அதை "ஹார்ட்பான்" என்கிறார்கள். தண்ணீர் அதில் ஊர்வது மிக மெதுவாகத்தான்.

உருகிய நீர் ஓடிய இடங்களில் கதை வேறு. ஓடும் தண்ணீர் களியை அடித்துக்கொண்டு போய், மணலையும் சரளையையும் தனித்தனி அடுக்குகளாகப் படிய வைத்தது. மெரிமாக் போன்ற ஆற்றுப் பள்ளத்தாக்குகளில் இந்தச் சரளைப் படுகைகள் உண்டு, தண்ணீர் தாராளமாகக் கிடைக்கும். பனி உருகித் தேங்கிய ஏரிகளின் அடியில் மெல்லிய களி அடுக்குகள் படிந்தன. கனெக்டிகட் ஆற்றங்கரையில் ஹிட்ச்காக் என்ற பனியுக ஏரி விட்டுச்சென்ற களி இப்போதும் இருக்கிறது.

இவை எல்லாவற்றுக்கும் கீழே கிரானைட், நைஸ், ஷிஸ்ட் போன்ற கெட்டிப் பாறை. இதன் ஆழம் வீட்டுக்கு வீடு மாறும். ஒரு வீட்டில் பாறை புல்தரையிலேயே தலைநீட்டும். நாலு வீடு தள்ளி நூறு அடி மண்ணைத் தாண்டினால்தான் தென்படும். மேடு என்றாலே பாறை அருகில் என்று நினைத்துவிட வேண்டாம். பனி இழுத்து வழித்த நீள்வட்டக் குன்றுகளில் பல, அடிவரை டில்தான்.

நம்மூரிலும் பாறைதானே? சேலம், கோயம்புத்தூரில் போடுவதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

அடிப்பாறையில் பெரிய வித்தியாசம் இல்லை. அங்கும் தண்ணீர் பாறை வெடிப்பில்தான், இங்கும் அப்படியே. திருச்செங்கோட்டு ரிக் வண்டிக்காரர் ஒருவரை இங்கே கொண்டுவந்து நிறுத்தினால், கம்ப்ரசர், ராடு, ஹாமர், பிட் எல்லாம் பழகிய சாமான்களாகவே இருக்கும்.

வித்தியாசம் பாறைக்கு மேலே. நம்மூர்ப் பாறை வெயிலிலும் மழையிலும் லட்சக்கணக்கான ஆண்டுகளாக மக்கி, மேலே இளகிய பாறை அடுக்கு ஒன்று உண்டாகியிருக்கிறது. பெய்த மழையை அதுதான் தேக்கி வைத்து, கீழேயுள்ள வெடிப்புகளுக்கு விடுகிறது. திறந்தவெளிக் கிணறுகளெல்லாம் அந்த அடுக்கை நம்பித்தான் வெட்டப்பட்டன. இங்கே பனியாறு அந்த மக்கிய அடுக்கைப் பெரும்பாலும் வழித்துக்கொண்டு போய்விட்டது. பதிலுக்குப் புதிய பாறையின் தலையில் டில்லைக் கொட்டியது. அதனால் மேல்மண்ணைத் தாண்டுவதுதான் இங்கே சிக்கலான வேலை. கிணறு நல்லதா கெட்டதா என்பதும், என் பார்வையில், மண்ணும் பாறையும் சேரும் அந்த இடத்தில்தான் பாதி தீர்மானமாகிவிடுகிறது. எல்லோரும் எத்தனை அடி என்று கேட்கிறார்கள். மேல்மண் சரியாமல் துளைக்குள் இறக்கும் கேசிங் குழாய் எங்கே உட்கார்ந்தது என்று கேட்பவர் குறைவு.

மண்ணிலேயே கிணறு எடுத்தால் செலவு மிச்சம் ஆகாதா?

மணல், சரளைப் படுகை இருந்தால் எடுக்கலாம். கேப் காட் தீபகற்பம் முழுக்கப் பனியாறு கொட்டிய மணல்தான். பாறை பல நூறு அடி ஆழத்தில் கிடப்பதால் அங்கே யாரும் பாறையைத் தேடுவதில்லை. முனையில் சல்லடை வைத்த குழாயை மணலில் இறக்கினாலே போதும். சரளையில் போடும் கிணற்றின் அடியில் மெல்லிய பிளவுகள் கொண்ட எஃகுச் சல்லடை வைத்து, தண்ணீரை முன்னும் பின்னும் அலைத்துப் பொடிமணலை வெளியேற்றுவார்கள். அதன்பின் வரும் தண்ணீர் பாறைக் கிணறு கனவிலும் தராத அளவு. ஊராட்சிகளின் பெரிய கிணறுகளில் பல இந்த வகைதான்.

டில் மண்ணில் இது நடக்காது. அங்கே பழைய பண்ணை வீடுகளில் கல் வைத்துக் கட்டிய வெட்டுக்கிணறு இருக்கும், 10 முதல் 30 அடி ஆழம். 2016, 2020 வறட்சிகளில் முதலில் வற்றியவை அவைதான். மேல்மண்ணின் கிருமியும் சாலையில் தூவும் உப்பும் எளிதில் இறங்குவதும் அவற்றில்தான். அந்த மாதிரிக் கிணறுள்ள வீட்டை வாங்கினால், இன்றில்லாவிட்டாலும் என்றாவது போர் போட வேண்டியிருக்கும் என்று கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

வேலை எப்படி நடக்கும்?

ரிக் வண்டி, ராடு வண்டி, சில சமயம் கம்ப்ரசருக்குத் தனி வண்டி. புல்தரை நாசமாகும், அதற்கு மனதைத் தயார்படுத்திக்கொள்ளுங்கள். பனி உருகும் மார்ச், ஏப்ரலில் மண்சாலைகள் சேறாகிவிடும். பல ஊர்கள் கனரக வண்டிகளுக்குத் தடைப் பலகை மாட்டிவிடும். நடுக்குளிரில் தரை கெட்டியாக உறைந்திருக்கும்போது வேலை நடப்பது உண்மையில் வசதி.

முதலில் மேல்மண். கேசிங்கைவிட அகலமான துளையை மண்ணில் போட்டுக்கொண்டே போவார்கள். மண் சரிந்தால் கேசிங்கையும் கூடவே இறக்கும் முறை உண்டு. துளைக்கும் முனையான பிட் கீழே போய் விரிந்து அகலத் துளைக்கும், எஃகுக் குழாய் பின்னாலேயே இறங்கும், முடிந்ததும் பிட்டைச் சுருக்கி மேலே எடுத்துவிடலாம்.

இங்கேதான் உருண்டைப் பாறைகள் விளையாட்டுக் காட்டும். மேடிசன் என்ற ஊரில் பனியாறு இழுத்துவந்து போட்ட ஒரே கல் 83 அடி நீளம், சுமார் 5,000 டன். அவ்வளவு பெரியது உங்கள் தோட்டத்தில் புதைந்திருக்காது. ஆனால் 6 அடி, 8 அடிப் பாறை டில்லுக்குள் கிடப்பது சாதாரணம். ஹாமர் அதில் பட்டதும் அடிப்பாறை வந்துவிட்டதென்று நிறுத்திவிட்டால், கேசிங் ஒரு அனாதைக் கல்லின் மேல் உட்காரும். பிறகு மழைக்கு மழை கலங்கல் தண்ணீர். அனுபவசாலி, பாறைத்தூளின் நிறம் மாறாமல் வருகிறதா, ஹாமரின் சத்தம் சீராக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே இன்னும் கீழே போய் உறுதிசெய்வார்.

அடிப்பாறைக்குள் கேசிங் உட்கார்ந்த பிறகு மீதி வேலை மளமளவென்று நடக்கும். 6 அங்குல ஹாமர் பிட் காற்றழுத்தத்தில் பாறையை இடிக்கும், காற்றே தூளையும் தண்ணீரையும் வெளியே தள்ளும். தடை ஏதும் வராவிட்டால் ஒரு நாளில் பல நூறு அடி போய்விடும்.

பில்லில் கேசிங்குக்கு ஏன் இவ்வளவு? பிளாஸ்டிக் குழாய் போடக் கூடாதா?

துளைக்கு அடிக்கு இவ்வளவு, கேசிங்குக்கு அடிக்கு இவ்வளவு என்று தனித்தனியாகத்தான் விலை சொல்வார்கள். மேல்மண் 20 அடியா 120 அடியா என்பது துளைக்கும்வரை தெரியாது. விலைப்புள்ளியில் உத்தேசக் கேசிங் நீளம் ஒன்றைப் போட்டு, கூடினால் கூடுதல் என்று சிறிய எழுத்தில் இருக்கும். கையெழுத்துப் போடும் முன் அந்த வரியைத் தேடிப் படியுங்கள்.

பாறைக் கிணற்றுக்கு இங்கே வழக்கம் 6 அங்குல எஃகுக் குழாய். ஒவ்வொரு துண்டையும் வெல்டிங் செய்து இறக்குவார்கள். அடி முனையில் கெட்டிப்படுத்திய எஃகு வளையம் ஒன்று இருக்கும். குழாயை ஓங்கி அடித்து அந்த வளையத்தைப் பாறைக்குள் பதிய வைப்பார்கள். உருண்டைக் கற்களுக்கு நடுவே இந்த அடி வாங்க பிவிசியால் ஆகாது.

பாறைக்குள் குறைந்தது 10 அடியாவது கேசிங் இறங்கியிருக்க வேண்டும். பாறையின் மேல்பகுதி நொறுங்கியிருந்தால் இன்னும் கூடுதலாக. குழாய்க்கும் துளைச் சுவருக்கும் நடுவிலுள்ள இடைவெளியைப் பெண்டோனைட் களியாலோ சிமெண்ட் கலவையாலோ அடைத்தால் மேல் தண்ணீர் வழிந்து இறங்காது. இந்த அடைப்பு ஒப்பந்தத்தில் சேர்ந்ததா என்று வாய்விட்டுக் கேளுங்கள். செப்டிக் கழிவுநீர் இறங்கும் தோட்டத்தில் இதில் மிச்சம் பிடிப்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். கிணற்றுக்கும் கழிவுநீர் ஊறும் படுகைக்கும் 75 அடி இடைவெளி வேண்டும் என்பது இந்த மாநில விதி. அடைப்பு சரியில்லாத கேசிங் அந்த 75 அடியை அர்த்தமில்லாமல் ஆக்கிவிடும்.

ஆழமாகப் போகப் போகத் தண்ணீர் கூடுமா?

அப்படி ஒரு விதி கிடையாது. பதிவேடுகளைப் புரட்டினால், ஆழமான கிணறுகளில்தான் தண்ணீர் குறைவாக இருக்கும். காரணம் எளிது. 200 அடியில் நல்ல வெடிப்பு கிடைத்தவர் அங்கேயே நிறுத்திவிடுகிறார். கிடைக்காதவர்தான் 600, 700 அடி என்று போகிறார். ஆழம் கூடக்கூடப் பாறையின் எடையில் வெடிப்புகள் இறுகுவதும் உண்டு.

அமெரிக்கப் புவியியல் ஆய்வகம் 2002இல் இந்த மாநிலத்தின் சுமார் 20,000 கிணறுகளின் தரவை வைத்து ஓர் ஆய்வு வெளியிட்டது. பாறையின் வகை, நிலத்தின் அமைப்பு, வான்படங்களில் தெரியும் நீண்ட கோடுகள் ஆகியவை கிணற்றில் ஊறும் தண்ணீரின் அளவோடு தொடர்புடையவை என்று அது காட்டியது. ஆனால் ஒரு ஏக்கர் மனையில் செப்டிக்கிலிருந்து 75 அடி, வண்டி நுழையும் வழி, மின்கம்பி என்று எல்லாவற்றையும் கழித்தால், கிணற்றுக்கு எஞ்சும் இடம் பெரும்பாலும் ஒன்றோ இரண்டோதான். தேர்வு செய்ய நமக்கு அவ்வளவு சுதந்திரம் இல்லை.

நீரோட்டம் பார்ப்பவர்கள் அங்கும் உண்டா?

உண்டு! தேங்காய்க்குப் பதில் கவட்டைக் குச்சி. பக்கத்து மாநிலமான வெர்மான்ட்டில் டான்வில் என்ற சிற்றூரில் இவர்களுக்கு நாடுதழுவிய சங்கமே இருக்கிறது. இந்தப் பாறையில் போதுமான ஆழம் போனால் எங்கே துளைத்தாலும் பெரும்பாலும் கொஞ்சமாவது தண்ணீர் கசியும். அதனால் குச்சிக்காரர் தோற்பது அரிது. கூப்பிடுவதும் விடுவதும் உங்கள் விருப்பம். நான் அந்தக் காசைத் தண்ணீர்ப் பரிசோதனைக்கு வைத்துக்கொள்வேன்.

நிமிடத்துக்கு 1 கேலன்தான் வருகிறது என்கிறார்கள். போதுமா?

நம்மூரில் "ஒன்றரை இஞ்சுத் தண்ணீர்" என்பதுபோல இங்கே நிமிடத்துக்கு இத்தனை கேலன் என்பார்கள். 1 கேலன் சுமார் 3.8 லிட்டர். வீட்டுக்குள் புழங்க, நாளுக்கொரு முறை 2 மணி நேரத்தில் 600 கேலன், அதாவது நிமிடத்துக்கு 5 கேலன் வீதம் கிடைத்தால் நல்லது என்பது மாநிலத்தின் பரிந்துரை.

இந்த 600 கேலனும் வெடிப்பிலிருந்து அப்போதே ஊறி வர வேண்டும் என்பதில்லை. 6 அங்குலத் துளையில் ஒவ்வொரு அடிக்கும் ஏறத்தாழ 1.5 கேலன் தண்ணீர் நிற்கும். 500 அடிக் கிணறு, தண்ணீர் 30 அடியில் நிற்கிறது, மோட்டார் 460 அடியில் என்றால், இடையிலுள்ள 430 அடியில் 600 கேலனுக்கு மேல் தயாராக இருக்கிறது. ஊற்று நிமிடத்துக்கு 1 கேலன்தான் என்றாலும், 24 மணி நேரத்தில் 1,440 கேலன் ஊறும். நான்கு பேர் குடும்பத்தின் தேவை சுமார் 300 கேலன். எனவே ஆழமான கிணற்றில் 1 கேலன் ஊற்று தாராளம், 150 அடிக் கிணற்றில் அதே 1 கேலன் தொல்லை. துளைப்பவர் "இன்னும் 100 அடி போகலாம்" என்று சொன்னால் அது எப்போதும் காசு பிடுங்கும் பேச்சில்லை. சில சமயம் அவர் உங்களுக்குத் தண்ணீர்த் தொட்டி கட்டித் தருகிறார்.

தண்ணீரே வராவிட்டால்?

இன்னோர் இடத்தில் துளைப்பதற்கு முன் ஹைட்ரோஃபிராக்சரிங் செய்து பார்ப்பார்கள். கேசிங்குக்கு நன்றாகக் கீழே ரப்பர் அடைப்பானை இறக்கி விரித்து, அதற்கடியில் தூய தண்ணீரைக் கடும் அழுத்தத்தில் செலுத்துவார்கள். அழுத்தம் 3,000 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு 3,000 பவுண்டு) வரையும் போகலாம். வெடிப்புகளில் அடைந்த தூளும் படிவும் விலகி, அருகிலுள்ள வெடிப்புகளோடு வழி திறக்கும். எண்ணெய் வயல்களில் செய்வதுபோல ரசாயனம் எதுவும் இதில் சேர்வதில்லை. பெரும்பாலான கிணறுகளில் ஊற்று ஓரளவு கூடும், ஆறாகப் பாயும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

தண்ணீரை அப்படியே குடிக்கலாமா?

பரிசோதிக்காமல் கூடாது. பளிங்குபோல இருக்கும், ருசியும் நன்றாக இருக்கும், ஆர்செனிக் என்ற நஞ்சும் இருக்கலாம். இங்குள்ள பாறைக் கனிமங்களிலிருந்தே அது கரைந்து வருகிறது. தொழிற்சாலை ஏதும் பக்கத்தில் இல்லை என்பது ஆறுதல் ஆகாது. இந்த மாநிலத்தின் தனியார் கிணறுகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்று, லிட்டருக்கு 10 மைக்ரோகிராம் என்ற கூட்டாட்சி வரம்பைத் தாண்டுகிறது. மாநிலம் 2021 ஜூலை முதல் பொதுக் குடிநீர் அமைப்புகளுக்கு அந்த வரம்பை 5 ஆகக் குறைத்தது. உங்கள் கிணற்றுக்கும் 5 என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

கொதிக்க வைத்தால் ஆர்செனிக் போகாது. தண்ணீர் ஆவியாகி, மிச்சத்தில் அடர்த்திதான் கூடும். நம் வீடுகளில் சோறு வடிக்கிறோம், குழம்பையும் ரசத்தையும் சுண்ட விடுகிறோம், பருப்பை வேகவைக்கிறோம். குடிக்கும் டம்ளரைவிட அடுப்பில் போகும் தண்ணீர் அதிகம். எனவே சமையலறைக் குழாயில் ஆர்ஓ வைத்தால் சமையலுக்கும் அந்தத் தண்ணீரையே பிடியுங்கள். ஆர்செனிக் தோல் வழியாக அதிகம் ஏறுவதில்லை, குளிக்கத் தடை இல்லை.

ரேடான் இதற்கு நேர் எதிர். கிரானைட்டிலுள்ள யுரேனியம் சிதைவதால் உண்டாகும் வாயு அது. குளிக்கும்போதும் துவைக்கும்போதும் தண்ணீரிலிருந்து காற்றில் கலந்து நுரையீரலுக்குப் போகும். சமையலறை ஆர்ஓ இதற்கு உதவாது, வீட்டுக்குள் தண்ணீர் நுழையும் இடத்திலேயே காற்றூட்டி வெளியேற்ற வேண்டும். லிட்டருக்கு 10,000 பிகோகியூரிக்கு (கதிரியக்கத்தை அளக்கும் அலகு) மேல் இருந்தால் சுத்திகரிக்கும்படி மாநிலம் சொல்கிறது.

இரும்பும் மாங்கனீசும் கண்ணில் படும் தொல்லைகள், வாஷ்பேசினில் செம்பழுப்புக் கறை, கறுப்புக் கறை. கைக்குழந்தைக்குப் பால்பவுடர் கலக்கும் வீட்டில் மாங்கனீசு அளவைக் கட்டாயம் பாருங்கள். பாக்டீரியாவும் நைட்ரேட்டும் ஆண்டுக்கொரு முறை, முழுப் பரிசோதனை 3 முதல் 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை என்பது மாநிலத்தின் அறிவுரை.

குளிர்காலத்தில் குழாய் உறைந்துவிடாதா?

உறையாது. தரை உறையும் ஆழத்துக்குக் கீழே, ஏறத்தாழ 4 அல்லது 5 அடியில், கேசிங்கின் பக்கவாட்டில் ஓர் இணைப்பு வைத்து அங்கிருந்தே குழாயை வீட்டின் அடித்தளத்துக்குக் கொண்டுபோவார்கள். வெளியே தெரிவது மூடி போட்ட குழாய்த் தலை மட்டும். அது தரைக்கு மேல் ஓரடியாவது நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். அழகுக்காக அதைச் சுற்றி மண்ணையும் மரச்சில்லையும் குவித்துப் புதைக்காதீர்கள். பனி அகற்றும் வண்டி இடிக்காமலிருக்கப் பக்கத்தில் ஒரு கம்பு நட்டால் போதும்.

ஏற்கெனவே கிணறுள்ள வீட்டை வாங்குகிறேன். எதைக் கேட்க வேண்டும்?

கிணற்று அறிக்கையை. 1984 முதல் இந்த மாநிலத்தில் துளைப்பவர்கள் ஒவ்வொரு கிணற்றுக்கும் அறிக்கை தாக்கல் செய்தாக வேண்டும். மொத்த ஆழம், அடிப்பாறை எத்தனை அடியில், கேசிங் நீளம், தண்ணீர் எவ்வளவு எல்லாம் அதில் இருக்கும். மாநிலச் சுற்றுச்சூழல் துறையின் இணையதளத்தில் தேடலாம். கேசிங் நீளத்திலிருந்து பாறை ஆழத்தைக் கழித்துப் பாருங்கள். 10 அடிக்குக் குறைந்தால் விற்பவரிடம் பேச ஒரு விஷயம் கிடைத்தது. கேசிங் வழியே மேல் தண்ணீர் கசிவது உறுதியானால், உள்ளே சிறிய குழாயொன்றை இறக்கி ரப்பர் அடைப்பு வைத்துச் சரிசெய்ய முடியும்.

பக்கத்து நாலைந்து வீடுகளின் அறிக்கைகளையும் எடுங்கள். காலி மனை வாங்குபவருக்கு மேல்மண்ணின் தடிமனை ஊகிக்க இதைவிட மலிவான வழி இல்லை.

தண்ணீர் மாதிரியை, வீட்டில் சுத்திகரிப்புக் கருவி இருந்தால் அதற்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று இரண்டாக எடுக்கச் சொல்லுங்கள். வீட்டுக்கடன் கொடுக்கும் வங்கி பாக்டீரியாப் பரிசோதனையோடு நிறுத்திக்கொள்ளலாம். ஆர்செனிக், யுரேனியம், ரேடான் ஆகியவற்றை நீங்களாகக் கேட்டுச் சேர்த்தால்தான் உண்டு.